இருபத்தேழாம் அறை வாசலில் விட்ட ஷூ

மக்கா,

இந்தக் கடிதத்தை நீ மெதுவாகத்தான் படிக்க முடியும். இதுவரை உனக்கு நான் எழுதியதெல்லாம் மலையாளத்தில், அவசரமென்றால் இங்கிலீஷில். தமிழில் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்துக் கூட்டிப் படி. தடுமாறினால் நிறுத்திவிட்டு மறுபடி படி. ஆபீஸில் தமிழ் தெரிந்த யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. இருபத்துநான்கு வயதில், அம்மை பேசுகிற பாஷையை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல் வந்தால் அந்த எரிச்சலை என் மேல் காட்டு. அது நான் செய்த வேலை. அதைப் பற்றியும் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரே தபாலில் உன் கையெழுத்தில் இரண்டு உறைகள் வந்தன. ஒன்று உன் கல்வி ஆபீஸ் உறை, ஹெட்மாஸ்டரான எனக்கு. உள்ளே ஒரு படிவம். இந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதி, ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இல்லை என்று எழுதினால் அடுத்த வருஷம் அந்த வகுப்பு இருக்காது. இன்னொன்று உன் சொந்தக் கடிதம். எப்போதும் போல அதில் விளி இல்லை. நேராக விஷயத்துக்கு வந்திருந்தாய். 'இல்லை' என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. மேலே இருப்பவர்கள் எதிர்பார்ப்பதும் அதுதான். அடுத்த மாதம் உன் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு மேலே போகிறது. இந்த நேரத்தில் நம் வீட்டுப் பெயர் தமிழ்ப் பட்டியலில் வந்து நிற்க வேண்டாம். என்னையும் வடக்கே எங்காவது தூக்கிப் போட்டுவிடுவார்கள். கடைசியில் ஒரு கேள்வி: 'எல்லைக் கோடு போட்டு முடித்தாயிற்று. நாலு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் போயாயிற்று. நாம் இந்தப் பக்கம், கேரளத்தில். இனி யாருக்காக இந்தப் பிடிவாதம்?'

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இல்லை' என்று எழுத மாட்டேன். அந்த வகுப்பு வேண்டும் என்று கேட்கிற முப்பத்தொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். இருக்கிறவர்களை இல்லை என்று எழுத என்னால் இனி முடியாது. 'இனி' என்ற சொல்லைக் கவனி. முன்பு முடிந்தது. ஒரு தடவை மிகச் சுலபமாக முடிந்தது. அந்தத் தடவை நீயும் பக்கத்தில் நின்றாய்.

அதற்கு வருமுன் ஹோட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷம் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்கள் கூட்டத்துக்கு நான் பிரான்ஸுக்குப் போய் வந்தேன் அல்லவா? திரும்பி வந்த அன்று, 'ஹோட்டல் எப்படி இருந்தது?' என்று நீ கேட்டாய். 'கொள்ளாம்', நன்றாக இருந்தது என்று மலையாளத்தில் ஒரே சொல்லில் முடித்துவிட்டு உனக்கு வாங்கி வந்த பேனாவை எடுத்துக் கொடுத்தேன். எட்டு ராத்திரி தங்கிய ஓர் இடத்தைப் பற்றி அந்த ஒரு சொல்லுக்கு மேல் இன்றுவரை யாரிடமும் பேசவில்லை. உன் அம்மையிடம்கூட.

நான் கப்பலேறியது எந்த நேரம் என்று உனக்கு நினைவிருக்கும். பாறசாலைக் கடைத்தெருவில் பத்துப் பேர் சேர்ந்து நின்றால் போலீஸ் வண்டி வந்து நின்ற காலம். நெய்யாற்றின்கரை பஸ்ஸில் தமிழில் இரண்டு வார்த்தை உரக்கப் பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்த்த காலம். குன்னத்துகாலில் மரச்சீனிக் கிழங்கு வியாபாரம் செய்கிற செல்லையன், மூன்று மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர், நம் தாலுகாவையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற மனுவோடு வீட்டு நடையில் வந்து நின்றார். 'பயணம் முடிஞ்சு வந்து போடுறேன்' என்றேன். அவர் தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னது ஊர் முழுக்கப் பரவியது: 'செரி சாரே. ஆளுவ எல்லாம் ஜெயிலுக்குப் போறாவ. நம்ம வாத்தியாரு கப்பலுக்குப் போறாரு. எல்லாம் பயணமாக்கும்.' நான் சிரித்தேன். சிரிப்பதைத் தவிர வேறு என்ன செய்ய? நான் ஓடிப்போகிறேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஊர் ஸ்ட்ராஸ்பூர்க். பிரான்ஸின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது, ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி. நடுவில் பழைய ஊர். இளஞ்சிவப்புக் கல்லில் ஒரே கோபுரத்தோடு நிற்கிற பெரிய தேவாலயம், அதைச் சுற்றி வண்டி நுழையாத சந்துகள், மரச்சட்டம் வெளியே தெரிகிற சாய்ந்த வீடுகள், வீட்டை ஒட்டி ஓடுகிற வாய்க்கால். கூட்டத்துக்கு வந்தவர்களைத் தங்கவைத்த விடுதி நிரம்பிவிட்டதால் என்னை அந்தச் சந்து ஒன்றில் இருந்த ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். துரைமார் தங்குகிற ஹோட்டல் இல்லை. சத்திரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில். மாடிப்படி ஏணி போலச் செங்குத்து. கம்பளத்தில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து நூல் தெரியும். அறையில் பித்தளைக் கட்டில், சுவரோடு ஒரு முகம் கழுவும் தொட்டி, தரையோடு தாழ்வாக இன்னொரு பீங்கான் தொட்டி. கால் கழுவுவதற்காக்கும் என்று நினைத்து மூன்று நாள் பக்தியோடு கால் கழுவினேன். அது உடம்பின் வேறொரு பக்கத்தைக் கழுவுவதற்கென்று பிறகுதான் தெரிந்தது. குளிக்க வேண்டுமென்றால் தாழ்வாரத்தின் கோடிக்குப் போக வேண்டும், முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சாவியில் தேங்காய்க் குரும்பை அளவுக்கு ஒரு பித்தளைக் குண்டு. வெளியே போகும்போது அதைக் கீழே மேஜையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்த மேஜையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். கறுப்பு உடை, இறுக்கிக் கட்டிய கொண்டை, சுத்தமான இங்கிலீஷ். அந்த ஹோட்டலே அவள் கையில்தான் ஓடியது.

போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம், இருபத்தேழாம் அறைக்குள் நுழையும்போது, ஷூவை வாசலில் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போனேன். செருப்போடு வீட்டுக்குள் போகிற பழக்கம் நமக்கு உண்டா? கை தானாகச் செய்தது. காலையில் கதவைத் திறந்தால் திருவனந்தபுரம் சாலைக் கம்போளக் கடையில் வாங்கிய அந்த ஷூ கண்ணாடி போல மின்னுகிறது. அங்கே அப்படித்தான். ராத்திரி வாசலில் விட்டால் துடைத்து வைப்பார்கள். துடைக்கச் சொல்லித்தான் விடுகிறான் என்று அர்த்தம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்து என் ஷூவைத் துடைத்திருக்கிறான்! என் அப்பா, உன் பாட்டா, நெய்யாற்றின்கரை போகிற வழியில் பெரிய வீட்டு மதில் தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மதில் முடியும் இடத்தில் மறுபடி போட்டுக்கொண்ட மனிதர். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் இருந்து இதைப் பார்க்கவில்லையே என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரைதான். படியில் ஒருவர் ஏறி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நரைத்த மீசை, நீல அங்கி. கையில் ஒரு பெரிய கூடை, அதில் பத்துப் பன்னிரண்டு ஜோடி ஷூ. ஒவ்வொன்றின் அடியிலும் சாக்கட்டியால் அறை எண். மூச்சு வாங்கிக்கொண்டு குனிந்து ஒவ்வொரு வாசலிலும் வைத்தார். என் ஷூவை எடுத்து 27 என்று பார்த்து, ஜோடியாகச் சேர்த்து, முனை வெளியே பார்க்க வைத்தார். அந்தக் குனிந்த முதுகைப் பார்த்ததும் எனக்குக் கக்கத்தில் செருப்போடு நடந்தவரின் முதுகு ஞாபகம் வந்தது. அன்று முதல் ஷூவை அறைக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன். நானே கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். நல்ல காரியம் செய்கிறேன் என்ற நிமிர்வு வேறு.

நாலாம் நாள் மழை. மறுநாள், சேறு அரைகுறையாகப் போன ஷூவோடு காலை உணவுக்குக் கீழே இறங்கினேன். ரொட்டியும் கிண்ணத்தில் காப்பியும். சுற்றிலும் பாரிஸிலிருந்து வந்த குடும்பங்கள். மேஜைப் பெண் என் காலைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. 'மன்னிக்க வேண்டும் சார், எங்கள் தவறு' என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, 'ஜோசப்!' என்று கூப்பிட்டாள். நீல அங்கிக்காரர் வந்து நின்றார். அத்தனை பேர் முன்னாலும் பிரெஞ்சில் அவரைத் திட்டினாள். அவர் ஏதோ பதில் சொன்னார். அது பிரெஞ்சு இல்லை, எனக்கே தெரிந்தது, ஓசை வேறு. அவள் கையை உயர்த்தி வெட்டினாள். இரண்டே சொல். 'பிரெஞ்சில், ஜோசப்.' சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தாள். ஜோசப் திரும்பி உள்ளே போனார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஷூவை உள்ளே எடுத்து வைத்தது நான்தான் என்று எழுந்து சொல்ல வேண்டும். வாய் நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு கிண்ணத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கூட்டத்தில் அன்று காலை பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. மதியம் திரும்பி வந்து மாடிப்படிக்கு அடியில் இருந்த சிறிய அறைக்குப் போனேன். ஜோசப் முக்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவுக்குள் இடது கையை விட்டுப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். யுத்தம் முடிகிற சமயத்தில் அந்த ஊரில் இருந்த அமெரிக்கப் பட்டாளத்துக்குப் பூட்ஸ் துடைத்துக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் அவருக்கு உண்டு. பாதி இங்கிலீஷ், பாதி கையாட்டல். அதை அப்படியே எழுதினால் உனக்கு ஆள் விளங்காது. நம்மூர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

என் காலைப் பார்த்துவிட்டு அவர்தான் தொடங்கினார். 'அந்த ஷூவ ஆரு துடைச்சது?'

'நான்தான்.'

'அதாக்கும் பாத்தேன். பசு நக்கின மாதிரி இருக்கு.'

'மன்னிக்கணும். நீங்க தொட வேண்டாம்னு நினைச்சு உள்ள எடுத்து வச்சேன்.'

பிரஷ் நின்றது. 'நான் தொடப்படாதா? ஏன், எனக்க கையில சொறியா இருக்கு?'

தொடக்கூடாது என்று பிறர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன், அதே சொல்லை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். பதறிப்போய் என் அப்பாவின் செருப்புக் கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டார். கேட்டுக்கொண்டே அடுத்த ஷூவை எடுத்தார். 'பாவம் ஒம்ம அப்பன்,' என்றார். 'அதுக்கு எனக்க சோத்துல எதுக்கு மண்ணள்ளிப் போட்டீரு? ஊரில உள்ளவன் செருப்பு போடப்படாதுன்னு சொன்னா அவன்கிட்டப் போயி சண்ட போடும். இங்க வந்து எனக்க வேலைய எடுத்தா உம்ம அப்பனுக்கு என்ன கிட்டப் போவுது?'

சண்டை போட வேண்டிய ஊரை விட்டுவிட்டுத்தானே அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். பேச்சை மாற்ற, காலையில் அவர் பேசியது என்ன பாஷை என்று கேட்டேன்.

'வீட்டுப் பேச்சு. ஜெர்மன் மாதிரி இருக்கும், ஜெர்மன் இல்ல. பிரெஞ்சும் இல்ல. இங்க அதப் பேசினா ஜெர்மன்காரனுக்க ஆளுன்னு நினைப்பாவ. பள்ளிக்கூடத்தில பேசினா பிள்ளைகளுக்கு அடி.' பாலிஷ் டப்பியை மூடினார். 'நான் பிறந்தப்ப ஜெர்மனி. பொறவு பிரான்ஸ். பொறவு ஜெர்மனி. இப்ப பிரான்ஸ். வீடு ஒண்ணுதான், ஒரு சாணு நகரல்ல. மூணு தடவ கொடி மாறியாச்சு. எந்தக் கொடிக்காரன் வந்தாலும் பூட்ஸ் அழுக்காத்தான் வருது.' சொல்லிவிட்டு அவரே உரக்கச் சிரித்தார்.

அப்போது கதவு திறந்தது. மேஜைப் பெண். கையில் ஆவி பறக்கும் சூப்புக் கிண்ணம், அதன் மேல் மூடினாற்போல ஒரு துண்டு ரொட்டி. நான் கதவுக்குப் பின்னால் இருந்ததால் என்னைப் பார்க்கவில்லை. காலையில் வெட்டின அதே வாயால், அதே வீட்டுப் பேச்சில், மெல்லிய குரலில் என்னவோ சொன்னாள். அதில் 'பாப்பா' என்று ஒரு சொல், அப்பனைக் கூப்பிடுகிற சொல். அதைப் புரிந்துகொள்ள எந்தப் பாஷையும் படிக்க வேண்டாம். அவர் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்தாள். திரும்பியபோது என்னைக் கண்டாள். கழுத்து நிமிர்ந்தது. 'உங்களுக்கு ஏதாவது வேண்டுமா சார்?' என்று இங்கிலீஷில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். போய்விட்டாள்.

'எனக்க மோளாக்கும்,' என்றார் அவர். 'இந்த வேல அவ வாங்கித் தந்தது. ஆளுகளுக்க முன்னால நான் ஜோசப். இங்க வந்தாத்தான் அப்பன்.'

'வருத்தமா இல்லியா?'

'என்ன வருத்தம்? சொல்லிக் கொடுத்தவனே நான்தான். சின்னப் பிள்ளையில இருந்து சொல்லுவேன், வெளிய வீட்டுப் பேச்சு பேசாதே, என்னையும் அப்பான்னு கூப்பிடாதே, நீ நல்லா வருவேன்னு.' சூப்பை ஒரு வாய் குடித்தார். 'நல்லாத்தான் வந்திருக்கா.'

மக்கா, இனி நான் சொல்லப் போவதை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு எட்டு வயது. எனக்கு ஹெட்மாஸ்டர் வேலை வரும், வராது என்று தொங்கிக்கொண்டிருந்த வருஷம். வடக்கே இருந்து இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். தமிழ் வகுப்புப் பிள்ளைகளை அன்று மைதானத்துக் கொன்னைமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, மலையாளம் நன்றாகப் பேசுகிறவர்களை முன் பெஞ்சில் உட்காரவைத்திருந்தேன். நான் மலையாள வீட்டுக்காரன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நினைக்கட்டும் என்று விட்டிருந்தேன். மத்தியானம் நீ தூக்குப் பாத்திரத்தோடு ஓடி வந்தாய். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, காலில் புழுதி. 'அப்பா, அம்மை சோறு தந்து விட்டா. மீன் உண்டு' என்றாய். இன்ஸ்பெக்டர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: 'இதாரா?' இது யார்? நான் சொன்னேன்: 'இவிடெ படிக்குந்ந குட்டியா சார். இவிடத்தெ குட்டிகள் சார்மாரெ அங்ஙனெயா விளிக்குந்நது.' இங்கே படிக்கிற ஒரு பையன். இந்த ஊர்ப் பிள்ளைகள் வாத்தியாரை இப்படித்தான் கூப்பிடுவார்கள். உனக்கு அப்போதே மலையாளம் நன்றாகத் தெரியும். பாத்திரத்தை மேஜை மேல் வைத்துவிட்டு நீ போனாய். ஓடி வந்தவன் நடந்து போனாய்.

அந்த வருஷமே வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் உன்னைத் தமிழ் வகுப்பிலிருந்து எடுத்து மலையாள வகுப்பில் போட்டேன். வீட்டுக்கு வெளியாள் வந்தால் மலையாளத்தில்தான் பேச வேண்டும் என்று உன் அம்மைக்கும் சட்டம் போட்டேன். மலையாளத்தின் மேல் எனக்கு இன்றும் ஒரு கோபமும் இல்லை. உன் அம்மை என்னைத் திட்டுவது பாதி அதில்தான்; திட்டுவதற்கு நல்ல பாஷை. நான் செய்தது மலையாளம் படிக்கவைத்தது மட்டுமென்றால் இந்தக் கடிதமே வேண்டாம். உன்னிடம் இருந்ததை வெட்கப்பட வேண்டிய பொருள் என்று காட்டிக் கொடுத்தேன். அன்று முதல் இன்றுவரை நீ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அப்பா' இல்லை, 'அச்சன்' இல்லை, 'சார்'கூட இல்லை. 'கேட்டதா', 'அம்மை கூப்பிடுகா', இப்படி எதையாவது வைத்துத் தொடங்குவாய். உன் கடிதங்களுக்கும் தலை கிடையாது. வளர்ந்த பிள்ளைகள் அப்படித்தான் என்று பதினாறு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாடிப்படிக்கு அடியில், பாலிஷ் நாற்றத்தில், அந்த மனிதர் சூப்புக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அது பொய் என்று ஒத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி முதல் ஷூவை மறுபடி வாசலில் விட்டேன். அதோடு விட்டிருந்தால் நான் கொஞ்சமாவது மரியாதையோடு ஊர் திரும்பியிருப்பேன். விடவில்லை. கிளம்புகிற அன்று காலை, மேஜை முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஜோசப் திட்டு வாங்கிய அன்று சிரித்தாளே, அந்தப் பாரிஸ் அம்மாளும் நின்றாள். ஜோசப் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் காத்திருந்தார். நான் சாவிக்குண்டை மேஜையில் வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி இங்கிலீஷில் சொன்னேன்: 'உங்கள் அப்பா என் ஷூவை மிக நன்றாகத் துடைத்தார். அவருக்கு என் நன்றி.' அவள் எழுதுவதை நிறுத்தினாள். பேனா அப்படியே நின்றது. தலையைத் தூக்கவில்லை. காது மடல் இரண்டும் சிவந்து எரிந்தன. பாரிஸ் அம்மாள் அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நான் பெரிய நியாயம் செய்துவிட்டவன் போலத் திரும்பினேன். அவர் என் பெட்டியை வாசற்படியில் பொத்தென்று வைத்தார். 'இத உம்மகிட்ட ஆரு கேட்டா?' என்றார். அவ்வளவுதான். ஸ்டேஷன் வரை தூக்கி வர வேண்டியவர் உள்ளே போய்விட்டார். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு, மின்னுகிற ஷூவோடு, மழைச் சேற்றில் நடந்தேன்.

கப்பலில் வந்த நாட்கள் முழுக்க அதையே யோசித்தேன். அப்பா என்ற அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவள் அவள். அவள் சொல்லியிருந்தால் அவருக்கு அது வேறு. நான் சொன்னதும் அது அவளைக் காட்டிக் கொடுத்ததாக ஆகிவிட்டது. எங்கேயோ பிறந்தவன், எட்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவன், என் வீட்டில் செய்ய வேண்டியதை அவர்கள் வீட்டில் செய்துவிட்டு வந்தேன். என் வீட்டிலோ, திரும்பி வந்து, 'கொள்ளாம்' என்று சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். அது வந்த அன்றே, என் சொல் மட்டும் போதாது என்று, வீடு வீடாகப் போய்ப் பெற்றோர் கையெழுத்து வாங்கத் தொடங்கினேன். மூன்று நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நடந்தேன். செல்லையன் வீட்டுக்கும் போனேன், அவர் பேத்தி நம்மிடம்தான் படிக்கிறாள். அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'இது என்ன சாரே, இப்ப நிங்க மனுவோட வாறிய? நாடு போயாச்சு. எங்களக் கூட்டிட்டுப் போன தலைவன்மாரு கோட்டுக்கு அந்தப் பக்கம் மாலை போட்டு நிக்கியாவ. இந்தப் பக்கம் கெடக்கியவன ஒருத்தன் திரும்பிப் பாக்கல்ல. நிங்க எந்தக் கப்பல்ல வந்து எறங்கினிய?' என்றார். திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, 'ஒரு வருசம் பிந்திப் போச்சு, ஆனாலும் வந்தியளே' என்று காப்பி கொடுத்தார்.

எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. முப்பத்துநாலு பேரில் மூன்று வீட்டில் மாட்டேன் என்றார்கள். ஒரு தாய், கல்லுடைக்கப் போகிறவள், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: 'எனக்க பிள்ளைக்கு சர்க்கார் வேல வேண்டாமா சாரே? ஒங்களுக்க மவன மலையாளத்திலதானே படிப்பிச்சிய? அவரு திருவனந்தபுரத்தில ஃபேனுக்க அடியில இருக்காரு. எனக்க மவன் மட்டும் தமிழ் படிச்சு எனக்க கூட கல்லு ஒடைக்கணுமா?' நான் அவளிடம் வாதாடவில்லை. அவள் கேட்டது சரி. நான் அவளுக்குக் காட்டிய வழிதான் அது. உன் பிள்ளையை நீ இஷ்டம் போலப் போடு அம்மா, அது உன் உரிமை, ஆனால் பாஷையைப் பார்த்து வேலை கொடுக்கிறவனை நாம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவள் பையன் பெயரோடு சேர்த்து அந்த மூன்று பெயரையும் அடித்துவிட்டேன். அடித்தது போக முப்பத்தொன்று. பதின்மூன்று கையெழுத்து, பதினெட்டுக் கைநாட்டு.

'யாருக்காக' என்று கேட்டிருந்தாய் அல்லவா? கொடிக்காக இல்லை. கோடு எங்கே விழுந்தாலும் அது வரைகிறவர்களின் வசதிக்குத்தான் விழும், அதைத் தெரிந்துகொள்ள நான் ஸ்ட்ராஸ்பூர்க் வரை போயிருக்க வேண்டாம். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் கொன்னைமரத்தடிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்காக. இன்னொரு வாத்தியார் இன்னொரு பிள்ளையைக் காட்டி 'இங்கே படிக்கிற பையன்' என்று சொல்லாமல் இருப்பதற்காக. என்னை வடக்கே மாற்றினால் போகிறேன். கஞ்சி எல்லா ஊரிலும் உண்டு. உன் அம்மையிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். 'இஞ்ச பாருங்க, வடக்க போனா தேங்கா எண்ணெ வெல கூடுதலாக்கும்' என்றாள். வேறு ஆட்சேபம் இல்லை.

உனக்கு இதனால் கெடுதல் வரலாம். வராது என்று பொய் சொல்ல மாட்டேன். கோப்பு ஒரு வருஷம் தூங்கலாம். உன் மேஜையைக் கடைசி மூலைக்கு நகர்த்தலாம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. நீ எடுத்த வேலையை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. நன்றாகச் செய்கிறாய், செய். நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். படிவம் உன் மேஜைக்குத்தான் வரும். நீதான் அதைப் பெரிய பதிவேட்டில் ஏற்ற வேண்டும். முப்பத்தொன்று என்று இருப்பதை முப்பத்தொன்று என்றே ஏற்று. மாற்ற நினைத்தால் மாற்ற உனக்குக் கை நீளும், அது எனக்குத் தெரியும். கையெழுத்துத் தாளின் நகல் பள்ளிக்கூட அலமாரியில் இருக்கிறது. அதைக் கொண்டு திருவனந்தபுரத்துக்கு நானே பஸ் ஏறி வர வேண்டிய நிலையை எனக்குத் தராதே.

வந்தால்கூட, உன் மேஜை முன்னால் நின்று, நான் யார் என்று அங்கே இருப்பவர்களிடம் சொல்ல மாட்டேன். அந்தத் தப்பை ஒரு தடவை அயலூரில் செய்து பார்த்துவிட்டேன். ஹெட்மாஸ்டர் பெயரில் உன் வீட்டுப் பெயரே இருப்பதைப் பார்த்து உன் மேலதிகாரி உன்னைக் கேட்பார், கட்டாயம் கேட்பார்: 'இதாரா?' பதினாறு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் கேட்ட அதே கேள்வி. அன்று நான் சொன்ன பதில் உனக்குத் தெரியும். அதையே நீயும் சொன்னால் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை; சொல்லிக் கொடுத்தவன் நான். வேறு பதில் சொல்ல முடிந்தால் சொல். எதைச் சொன்னாலும் அந்த எண் மாறக் கூடாது.

படிவத்தில் என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தின் அடியில் பெயர் போடவில்லை. இதை எழுதியது யார் என்பதை நீ சொல்லு.